மூலமும் மூட்டையும்

ஆண்டு முழுமைக்கும் மிளகாய் வாங்கும் தாய்மார்கள், கட்டி வைத்த மூட்டையை அப்படியே எடுப்பதில்லை. குவியலில் கிளறிப் பார்த்து வாங்கி, வெயிலில் உலர்த்தி, மில்லில் உடனிருந்து அரைத்து வருவர். இந்த விழிப்பு கணினிக்கும் தேவைப்படுகிறது.

மென்பொருளை மனிதர் எழுதும் வடிவத்திற்கு மூல நிரல் என்று பெயர். அதைக் கணினி இயக்கும் வடிவிற்கு மாற்றுவது கம்பைலர் என்னும் கருவி. மூல நிரலை இரு வழிகளில் பெறலாம். பலரும் பார்வையிடும் பொதுக் களஞ்சியத்திலிருந்து நேராக எடுப்பது ஒன்று. ஆசிரியர் கட்டி வெளியிடும் மூட்டையைப் பெறுவது மற்றொன்று. இரண்டும் ஒன்றே என்றுதான் பலரும் நம்பினர்.

நம் தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டைக்கு இத்துறையில் பங்குண்டு. அப்துல் கலாம் பயின்ற எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து, 2005இல் திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அம்முயற்சியில் உருவான 'பாஸ்' இயங்குதளத்திற்கு டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பே அடிப்படை.

அந்த டெபியனின் சோதனைப் பதிப்புகளில் 2024இல் ஓர் ஆபத்து நுழைந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் மென்பொருளின் பராமரிப்பில் ஈராண்டுக்கும் மேலாக உழைத்து நம்பிக்கை பெற்றிருந்தார், ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்றை அவர் வைத்தார். நஞ்சு, சோதனைக் கோப்பு என்ற போர்வையில் களஞ்சியத்திலேயே கிடந்தது. ஆனால் அதை உயிர்ப்பிக்கும் வரிகள் மூட்டையில் மட்டுமே இருந்தன. களஞ்சியத்திலிருந்து நேராக எடுத்து உருவாக்கினால் அக்கதவு திறக்காது.

தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், மார்ச் மாதத்தில் இதை உலகிற்கு அறிவித்தார்.

எனினும், நேராக எடுப்பதே முழுக் காவல் ஆகிவிடாது. கம்பைலரே கெட்டிருந்தால் தூய மூலமும் பயன் தராது என்று கென் தாம்சன் 1984லேயே எச்சரித்தார். மிளகாய் நல்லதாயினும் மில் கெட்டதாயின் என் செய்வது? ஆகவே, ஒரே மூலத்தைப் பலர் தனித்தனியே உருவாக்கி, விளைவு இம்மியும் பிசகாமல் ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்கும் முறையை டெபியன் குழுவினர் மேற்கொண்டு வருகின்றனர்.

கணினி பயிலும் பிள்ளைகள் நம் இல்லங்களில் பலர் உளர். ஒரு சிறு மென்பொருளையேனும் களஞ்சியத்திலிருந்து எடுத்துத் தம் கையால் உருவாக்கிப் பார்க்கும்படி அவர்களைத் தூண்டுங்கள். மூட்டையைப் பிரித்து மூலத்தோடு ஒப்பிடவும் பழக்குங்கள். எல்லோரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்த பொருளை, யாரேனும் ஒருவர் பார்த்தால்தான் அது காவலாகும்.