துண்டுக்கு அடியில் ஒரு விலை

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15 வந்து போகிறது. 2024-இல் அதே தேதியில்தான், கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நிதி கொடுக்க வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். எங்கள் ஊர் போடியின் டீக்கடைகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. தீர்ப்பு வந்த மறு மாதம், எந்தப் பத்திரம் எந்தக் கட்சிக்குப் போனது என்று காட்டும் எண்களை வெளியிடக் கூடாதென்று நீதிமன்றம் போனவர்களில் தொழில் கூட்டமைப்புகளான ஃபிக்கியும் அசோசெமும் உண்டு. கொடுத்தவர்களின் சங்கங்கள்! நல்லவேளை, அவர்களது முறையீட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை.

கொடுப்பவரே ஒழுங்கு கேட்ட காலமும் இருந்தது. 1996-இல் டாடா குழுமம் தேர்தல் அறக்கட்டளை தொடங்கி, நாடாளுமன்றத்தில் உள்ள இடங்களின் கணக்குப்படி கட்சிகளுக்குப் பணம் பிரித்துக் கொடுத்தது. அதற்கு முன்னே 1957-இல், கட்சி நிதி கொடுக்க வசதியாகத் தன் நிறுவன விதியைத் திருத்த அனுமதி கேட்டு டாடா இரும்பு நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. அனுமதி கொடுத்த தலைமை நீதிபதி சக்ளா, இந்தப் பணம் ஒருநாள் ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்கும் என்று அப்போதே எச்சரித்தார்.

மறைவாகக் கைமாறும் இந்தப் பணத்தைப் பற்றி எழுதும்போது மாட்டுச் சந்தைதான் கண்ணில் நிற்கிறது. தாத்தாவோடு போன சந்தையில் தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கைமேல் போடுவார். உள்ளே விரல்கள் பேசும். முழு விரலைப் பிடித்தால் ஒரு தொகை, பாதியைத் தொட்டால் வேறு தொகை. சுற்றி நிற்கும் எங்களுக்கு அவர் முகம் மட்டும்தான் தெரியும். காளையை விற்றுவிட்டு வரும் வழியெல்லாம் தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. வாங்கியவர் உண்மையில் எவ்வளவு கொடுத்தார் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

எங்கள் ஊர் ஏலக்காய் ஏலத்தில் அந்தத் துண்டு கிடையாது. மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி, ஒன்றை உடைத்து, விதை கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு லிட்டர் காய் எவ்வளவு எடை என்று கேட்கிறார்கள். திரையில் விலை ஏறுகிறது. வந்த கிலோ, விற்ற கிலோ, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று ஸ்பைசஸ் போர்டு அன்றாடம் வெளியிடுகிறது. போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் நிற்கும் விவசாயி அதைப் போனிலேயே பார்த்துவிடுகிறார். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோதும் அதை ஊரே பார்த்தது.

செவ்வாய்க்கிழமை நண்பரின் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். நிதி நோட்டோடு ஒரு கட்சிக்காரர் வந்தார்.

“அண்ணே, பத்தாயிரம். ரொக்கமா குடுத்துருங்க.”

“ரசீது தருவீங்களா தம்பி?”

“பேரு வெளிய வந்தா உங்களுக்குத்தானண்ணே தொந்தரவு.”

டெல்லியில் பத்திரத் திட்டத்துக்குச் சொன்ன நியாயமும் இதேதான். 2,000 ரூபாய்க்கு மேல் கட்சி ரொக்கமாக வாங்கினால் வரிச் சலுகை போய்விடும். 20,000 வரை கொடுத்தவர் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் சொல்லத் தேவையில்லை. இந்த ஓட்டையை அடைக்கச் சொல்ல வேண்டியவர்கள் கொடுப்பவர்கள்தான். அவர்கள் கேட்டால் எந்தக் கட்சியும் தட்ட முடியாது.

நண்பர் கட்சியின் பெயருக்கே காசோலை எழுதி நீட்டினார்.

“செக்கா? அடுத்த தரம் வர்றேண்ணே.”

நேற்றும் போய்ப் பார்த்தேன். மாதிரித் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காசோலை அப்படியே கிடக்கிறது.