கணக்குக்குத் தெருவுக்கு நாலு வாத்தியார். சுற்றுச்சூழல் பாடத்துக்கு ஆளே இல்லை!

சென்னையில் கணக்கு டியூஷனுக்கு வாத்தியார் வேண்டுமா? தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்றால் மின்கம்பத்தில் தொங்கும் போர்டுகளே வழி காட்டும். இந்தி, பாட்டு, பரதநாட்டியம், செஸ்... எதற்கும் ஆள் உண்டு.

சுற்றுச்சூழல் அறிவியலுக்கு ஒரு வாத்தியார் தேடிப் பாருங்கள். செருப்புத் தேய்ந்துவிடும்!

நங்கநல்லூரில் ஒரு அம்மா. பையன் பத்தாம் வகுப்பு. ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டம். அதில் சுற்றுச்சூழல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறான். "ஈஸிடா, கதை மாதிரி எழுதினா மார்க் வந்துடும்" என்று கூடப் படிக்கும் சிநேகிதன் சொன்னானாம். இவனும் எடுத்துவிட்டான். அரைப் பரீட்சையில் பாதி மார்க் கூட வரவில்லை. வீட்டில் ஒரே ரகளை.

அம்மா டியூஷன் சென்டர் சென்டராக ஏறி இறங்கினார்.

முதல் இடத்தில், "இதுக்கெல்லாமாம்மா டியூஷன்? ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லுங்க, போதும்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது இடத்தில், "பயாலஜி மேடம் இருக்காங்க. அவங்களே இதையும் சேர்த்துப் பார்த்துக்குவாங்க" என்றார்கள். அந்த மேடமோ நாலு வாரம் நோட்ஸ் சொல்லி எழுத வைத்தார். பையன் நோட்டு நிறைந்தது. தலையில் ஒன்றும் ஏறவில்லை.

மூன்றாவது இடத்தில்தான் விபரீதம். "கவலையே படாதீங்கம்மா. ப்ராஜெக்டையும் நாங்களே முடிச்சுக் கொடுத்துடுவோம். அதுக்குத் தனி ரேட்" என்றார்கள்!

இப்படி அலைகிற பெற்றோர் இந்த ஊரில் ஏராளம்.

யாருக்கு வேண்டும் இந்த டியூஷன்?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக்கு இது தனிப் பாடம் அல்ல. அறிவியல் புத்தகத்திலும் சமூக அறிவியல் புத்தகத்திலும் அத்தியாயம் அத்தியாயமாகக் கலந்து வருகிறது. அறிவியல் வாத்தியாரே போதும்.

தனி வாத்தியாருக்கு அலைகிறவர்கள் ஐ.சி.எஸ்.இ. பிள்ளைகளும், கேம்பிரிட்ஜ், ஐ.பி. என்று வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கிறவர்களும்தான். கேம்பிரிட்ஜில் இதற்கு 'என்விரான்மென்டல் மேனேஜ்மென்ட்' என்று பெயர். ஐ.பி.யில் 'என்விரான்மென்டல் சிஸ்டம்ஸ் அண்ட் சொசைட்டீஸ்'. வாய் வலிக்கிறது என்று பிள்ளைகள் ஈ.எஸ்.எஸ். என்று சுருக்கிவிட்டார்கள். 2024 முதல் அதில் உயர்நிலைப் பிரிவு ஒன்றும் வந்திருக்கிறது.

பெயர் ஒன்று போல இருந்தாலும் கேள்வித்தாள் ஒன்று போல இருக்காது. ஆகவே வாத்தியாரிடம் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. பாடத்திட்டத்தையும் இரண்டு பழைய கேள்வித்தாளையும் கையில் எடுத்துப் போக வேண்டும். அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் "தெரியும், தெரியும்" என்கிறவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவது நல்லது.

கோர்ட்டு சொல்லியும்...

இந்தப் பாடத்துக்கு மரியாதை இல்லாமல் போனதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

1991 நவம்பர் 22-ந் தேதி, எம்.சி.மேத்தா தொடர்ந்த பொதுநல வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு உத்தரவு போட்டது. பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயமாகச் சொல்லித் தர வேண்டும் என்றது. சினிமா கொட்டகையில் கூட இதைப் பற்றி சிலைடு காட்ட வேண்டும் என்றது. 2003-ல் மீண்டும் தலையிட்டு, பாடத்திட்டம் தயாரிக்கச் சொன்னது.

பாடம் வந்தது. வாத்தியார் வந்தாரா? அதுதான் இல்லை! பல பள்ளிகளில் யாருக்குப் பீரியடு குறைகிறதோ அவர் தலையில் இதைக் கட்டினார்கள். கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் கடன் வாங்கப்படுவதும் இந்தப் பீரியடுதான். கல்லூரியிலோ பாஸ் செய்தால் போதும் என்கிற பேப்பர். இருபது வருஷமாக இப்படிப் பழக்கிவிட்டு, இப்போது "நல்ல வாத்தியார் கிடைக்கவில்லையே" என்று தலையில் கை வைத்தால் எப்படி?

கதை அல்ல, கணக்கு!

"வாசிச்சா போதும்" என்பது சுத்தப் புரளி. இந்தப் பாடத்தில் பாதி கெமிஸ்ட்ரி. கொஞ்சம் பயாலஜி. கொஞ்சம் பூகோளம். நடுவில் பொருளாதாரமும் சட்டமும் எட்டிப் பார்க்கும். போதாக்குறைக்கு வரைபடம், சதவீதக் கணக்கு.

புல்லில் 10,000 கலோரி இருந்தால் வெட்டுக்கிளிக்குப் போவது சுமார் 1,000. தவளைக்கு 100. பாம்புக்கு 10. இதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பிள்ளைகள் நிறைய. "மீதி எங்கே போச்சு?" என்று கேள்வி வந்தால் விழிக்கிறார்கள். மூச்சு விடுவதிலும் உடம்புச் சூட்டிலும் கழிவிலும் போய்விட்டது என்று சொல்லத் தெரிவதில்லை. மார்க் போவது அங்கேதான்.

இன்னொன்று: 'விவரி' என்று கேட்டால் ஒரு பதில், 'விளக்கு' என்று கேட்டால் வேறு பதில், 'மதிப்பிடு' என்று கேட்டால் இரண்டு பக்கமும் பேசிவிட்டு ஒரு முடிவு சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் மூன்றுக்கும் ஒரே பாராவை எழுதிவிட்டு, "நல்லா எழுதியிருக்கேன்மா" என்று வீட்டுக்கு வருகிறார்கள்.

வாத்தியாருக்கு ஒரு பரீட்சை

பீஸ் பேசுமுன் வாத்தியாரிடமே இரண்டு கேள்வி போட்டுப் பார்க்கலாம். தப்பில்லை. கத்தரிக்காய் வாங்கினால் கூட அழுத்திப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

முதல் கேள்வி: "சார், ஊர்ல இருக்கிற ஏரி, ஆத்துல எல்லாம் ஆகாயத்தாமரை ஏன் இப்படி மண்டுது?"

"அசுத்தம்மா, அதான்" என்று முடித்தால் அவர் வேண்டாம். சாக்கடைத் தண்ணீரில் வருகிற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் செடிக்கு உரம் போட்ட மாதிரி. மேலே பாய் விரித்தது போல இலை மூடினால் கீழே வெளிச்சம் போகாது. அடியில் உள்ளது செத்து அழுகும். அழுகுகிறபோது கிருமிகள் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைக் குடித்துவிடும். அப்புறம் மீன் செத்து மிதக்கும் என்று படிப்படியாகச் சொல்கிறாரா? அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி: "ஓசோன்ல ஓட்டை விழுந்ததாலதானே சார் பூமி சூடாகுது?"

"ஆமாம்" என்றால் அப்படியே கிளம்பிவிட வேண்டியதுதான்! ஓசோன் படலம் புற ஊதாக் கதிரைத் தடுப்பது. அதைக் கெடுத்த வாயுக்களுக்குக் கடிவாளம் போட்டது 1987 மாண்ட்ரீல் ஒப்பந்தம். பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் கரியமில வாயுவும் மீத்தேனும் வெப்பத்தைப் பிடித்து வைப்பது. அதற்குத்தான் 1997-ல் கியோட்டோ, 2015-ல் பாரீஸ். இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். இதைக் குழப்புகிறவரிடம் பிள்ளையை அனுப்பினால் காசும் போச்சு, மார்க்கும் போச்சு.

ப்ராஜெக்ட் வியாபாரம்

மூன்றாவது டியூஷன் சென்டர் சொன்னதே, "நாங்களே முடிச்சுத் தர்றோம்" என்று, அந்த வியாபாரம்தான் இந்த விவகாரத்திலேயே மோசம்.

ஐ.பி.யில் மாணவன் தானே ஒரு ஆராய்ச்சி செய்து எழுத வேண்டும். அதற்கு மார்க் உண்டு. வேறொருவர் எழுதியது என்று கண்டுபிடித்தால் அந்தப் பாடத்தின் மார்க்கே இல்லாமல் போகலாம், டிப்ளமோவும் சேர்ந்து போகலாம். இரண்டு வருஷப் படிப்பு பணால்! காசு வாங்கியவர் மேல் ஒரு தூசு கூடப் படாது. மாட்டுவது பிள்ளை.

பெற்றோரிலும் சிலர் இதற்கு உடந்தை. "அவனுக்கு நேரம் எங்கே சார், கணக்கு டியூஷன் இருக்கே" என்கிறார்கள். பதினைந்து வயதில் பொய்க் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்துவிட்டு, பிற்காலத்தில் அவன் பொய் சொல்லிவிட்டான் என்று அழுது என்ன பிரயோஜனம்?

ப்ராஜெக்ட் என்ன பெரிய கம்பசூத்திரமா? வீட்டு மொட்டை மாடி போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மாடி. சென்னையில் வருஷத்துக்கு சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஆக 1,40,000 லிட்டர்! வழியில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,12,000 லிட்டர் மிஞ்சும். தலைக்கு தினம் 135 லிட்டர் என்று வைத்தால், நாலு பேர் குடும்பத்துக்கு 200 நாளுக்கு மேல் வரும்.

மழைநீர் சேமிப்பு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானது 2003-ல். அந்தத் தொட்டி இன்றைக்கு உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது? மூடியைத் திறந்தால் மண்ணும் பிளாஸ்டிக் பையும்தான். தெருவில் இருபது வீட்டில் பையனே போய்ப் பார்த்து எழுதட்டும். 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரெயிலில் தண்ணீர் வந்ததே, அந்தக் கதையையும் வீட்டில் கேட்டு எழுதட்டும். எந்தப் புரோக்கரும் இப்படி ஒரு ப்ராஜெக்ட் எழுதித் தர முடியாது.

யாரைப் பிடிப்பது?

'சுற்றுச்சூழல் டியூஷன்' என்று போர்டு போட்டவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். வேறு பெயரில் தேட வேண்டும்.

ரிட்டையர் ஆன கெமிஸ்ட்ரி, தாவரவியல் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். 1982-ல் தொடங்கிய வாரியம் அது. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்தே தலை நரைத்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்திலேயே சுற்றுச்சூழலுக்குத் தனி மையம் உண்டு. அங்கே ஆராய்ச்சி செய்கிற இளைஞர்களுக்கும் கைச்செலவுக்குக் காசு வேண்டாமா?

ஒருவரே எல்லாம் நடத்த வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். கெமிஸ்ட்ரி பகுதிக்கு ஒருவர், பூகோளத்துக்கு ஒருவர் என்று மாதம் நாலு வகுப்பு போதும். செலவு கையைக் கடித்தால் மூன்று பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கலாம். தனியாகத் தூங்குகிற பையன், மூன்று பேர் நடுவில் சண்டை போட்டாவது படிப்பான்.

பிள்ளை படிக்கிற பள்ளியின் ஆசிரியரையே வீட்டுக்குக் கூப்பிடுவது மட்டும் கூடாது. ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், காசு கொடுத்தவன் பிள்ளைக்கு ஒரு பாடம், கொடுக்காதவன் பிள்ளைக்கு ஒரு பாடம் என்று வகுப்பிலேயே ஆகிவிடும். புது ஆள் வீட்டுக்கு வந்து நடத்தினால் ஹாலில் உட்கார்ந்து நடத்தட்டும். கதவு திறந்தே இருக்கட்டும்.

ஊரே பாடப்புத்தகம்

புத்தகத்தில் அமேசான் காடு வருகிறது. ஆப்பிரிக்கப் பாலைவனம் வருகிறது. சென்னைப் பிள்ளைக்கு அடையாறு எங்கே கடலில் சேருகிறது என்று தெரியாது! 2015 டிசம்பரில் அதே அடையாறு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டுப் போனதே, அதற்குமா டியூஷன் வேண்டும்?

'ஈரநிலம்' என்று ஒரு பாடம். அதற்கு உலகப் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-ல் இடம் பிடித்த பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பஸ் தூரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே பெருங்குடி குப்பை மேடு. 'எண்ணெய்க் கசிவு' என்று ஒரு பாடம். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரை ஒதுங்கிய எண்ணெயை வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய். மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப் போயின. பரீட்சையில் 'உதாரணம் தருக' என்றால் இதை எழுதினால் மார்க் தரமாட்டார்களா?

நங்கநல்லூர் அம்மாவுக்குக் கடைசியில் ஆள் கிடைத்துவிட்டார். வேளச்சேரியில் ரிட்டையர் ஆன கெமிஸ்ட்ரி பேராசிரியர் ஒருவர். யாரோ கோயிலில் சொல்லிப் போய்ப் பார்த்திருக்கிறார். பீஸ் பற்றி அவர் பேசவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு உங்க பையன் எழுந்திருப்பானாம்மா?" என்று கேட்டாராம்.

"எதுக்கு சார்?"

"பள்ளிக்கரணைக்கு பூநாரை வந்திருக்கு. முதல் வகுப்பு அங்கதான். நோட்டு வேண்டாம். தொப்பி மட்டும் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க."