கதை சொல்லும் கற்கள்



வட்டக்கோட்டையைக் காணச் செல்லும் சிறுவர், அங்குக் கல்லில் செதுக்கியுள்ள மீன்களைக் கண்டு, "இங்கே மீன் எதற்கு?" என்று வினவுவர். "பாண்டியர் இலச்சினை" என்று ஒரே சொல்லில் விடையளித்து நகர்ந்துவிடுகிறோம். நம் முன்னோரோ கல்லில் உருவம் செதுக்கியபோது, அதனுடன் ஒரு கதையையும் பிள்ளைகளிடம் ஒப்படைத்தனர். நடுகற்களே இதற்குச் சான்று.

ஆநிரை மீட்கும் போரில் மாண்ட வீரர்க்குக் கல் நடுவது பழந்தமிழர் மரபு. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் அத்தகைய கல் ஒன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காக்கப் போராடி உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக அது நடப்பட்டது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு கூறுகிறது. வாயில்லா உயிரின் நன்றியுணர்வு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக அழியாமல் நிற்கிறதன்றோ!

அங்கே எழுத்து உண்டு, கதை பிழைத்தது. எழுத்தில்லாவிடில்? அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் வாழும் திலிங்கித் மக்கள், உயர்ந்த கேதுரு மரங்களில் காகம், கரடி, திமிங்கிலம் முதலிய குலச்சின்னங்களைச் செதுக்கி நாட்டுவர். குலத்து மூத்தோர் எடுத்துரைத்தாலன்றி அத்தூண்களின் கதை பிறர்க்கு விளங்காது. மறைபரப்பாளர் சிலர் அவற்றை வழிபாட்டுச் சிலைகள் எனத் தவறாகக் கருதியதும் உண்டு. அவை தொழுவதற்கு அல்ல, நினைவுகூர்வதற்கே நடப்பட்டவை. 1899-இல் ஆய்வுப் பயணக் குழு ஒன்று, ஆளில்லாத ஊர் என்றெண்ணிக் கேப் பாக்ஸ் என்னும் சிற்றூரின் தூண்களைக் கப்பலேற்றிச் சென்றது. உரியவர்கள் மறக்கவில்லை. 2001-இல் அவர்தம் வழித்தோன்றல்களிடமே அவை திரும்பி வந்தன.

நம் நாட்டிலோ நடுகற்கள் பல துவைகல்லாகவும் படிக்கல்லாகவும் தேய்ந்து போயின. அவற்றைக் கவர்ந்து செல்ல அயலார் எவரும் வரவில்லை. நம் மறதியே போதுமானதாயிற்று. ஆகவே, வயலோரத்தில் உருவம் செதுக்கிய கல் கிடப்பின், பெயர்த்தெடுக்குமுன் ஊர் முதியோரை வினவுங்கள். தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள்.

அடுத்தமுறை வட்டக்கோட்டைக்குச் செல்லும்போது, பிள்ளைகளை அந்த மீன்களின் முன் சற்றே நிறுத்துங்கள். பாண்டியரைப் பற்றிச் சொல்லுங்கள். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மார்த்தாண்டவர்மாவின் தளபதியாகி இக்கோட்டைப் பணியை மேற்பார்த்த டிலனாயைப் பற்றியும் சொல்லுங்கள். புனித தேவசகாயத்திற்குக் கிறிஸ்துவை அறிமுகப்படுத்தியவரும் அவரே.

கல் காத்து வைக்கும். சொல்ல வேண்டியவர் நாமே.