கீறலும் நிறமும்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப்பாதையில் தெறித்த சரளைக்கல் ஒன்று, என் காரின் பானட்டில் மிளகளவு வண்ணத்தைப் பெயர்த்துவிட்டது. வண்ணக் குறியீட்டைச் சொல்லி வாங்கிய பெயிண்டும் பொருந்தவில்லை. குறியீடு தொழிற்சாலை நிறத்தைத்தான் சொல்லும். ஒன்பது கோடைகளில் வெளிறிய நிறத்தை அது அறியாது.

பானட் முழுவதையும் புதிதாகப் பூசச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். அஞ்சவேண்டியது துருவுக்குத்தான், திறந்து கிடக்கும் இரும்புத் தகட்டில் தொடங்கி, அக்கம்பக்கத்து வண்ணத்தின் அடியிலும் அது பரவும். துருவைச் சுரண்டி, பிரைமர் தொட்டு, காயவிட்டு, மெல்லிய பூச்சுகளாக நிறமும் இறுதியில் கிளியர் கோட்டும் இட்டால் போதும். ஒரு வடுவுக்காக நல்ல தோலை உரிப்பானேன்? நிறம் சற்றே மாறிய அந்தப் புள்ளி, மலை ஏறி வந்த நினைவாக இருந்துவிட்டுப் போகட்டும்.