பெயர் யார்க்‌ஷயர், வேர் ஆப்பிரிக்கா

இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயரில் ஓர் அரிய குடும்பப்பெயர் வழங்கிவருகிறது. அதைச் சுமப்பவர்கள் இன்றும் வாழ்பவர்கள் என்பதால் இங்கே குறிப்பிடவில்லை. அந்தப் பெயருடைய வெள்ளைக்காரர் ஒருவரின் ஒய் குரோமோசோம், ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட மிகத் தொன்மையான வகை என்று 2007இல் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்த வகையின் பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்கா எனத் தெரிந்தது. அதே பெயருடைய 18 ஆண்களைச் சோதித்ததில் 7 பேரிடம் அதே வகை இருந்தது. ஆவணங்களைத் தேடியபோது அவர்கள் இரண்டு கிளைகளில் சேர்ந்தார்கள். இரண்டின் முன்னோரும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் யார்க்‌ஷயரில் வாழ்ந்தவர்கள். பழைய ஊர்ப்பெயரோ குடும்பப்பெயரோ இருந்தாலே மண்ணின் மைந்தர் என்று அடித்துச் சொல்வோருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

ஒய் குரோமோசோம் தந்தைவழியில் வரும் ஒரே ஒரு கோடுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்துத் தலைமுறை பின்னோக்கிப் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள். அவற்றில் ஒய் குரோமோசோம் வந்தது ஒருவரிடமிருந்து மட்டுமே. ஆகவே அந்த ஏழு பேரையும் ஆப்பிரிக்கர் என்பது தவறு. ஆனால் குடும்பப்பெயரும் அதே ஒற்றைக் கோட்டில்தான், தந்தையிடமிருந்து மகனுக்கு, இறங்கி வருகிறது. ஆப்பிரிக்கர் என்று சொல்ல அந்தக் கோடு போதாது என்றால், கலப்பற்ற ஆங்கிலேயர் என்று சொல்லவும் அது போதாது. மற்ற 1,023 பேரைப் பற்றிப் பெயர் வாய் திறப்பதேயில்லை.

மீதி 11 பேரிடம் அந்த வகை இல்லையே என்பது இன்னொரு கேள்வி. இங்கேதான் பெயரின் உண்மையான இயல்பு தெரிகிறது. 2009இல் அதே பல்கலைக்கழகம் 40 குடும்பப்பெயர்களை ஆராய்ந்தது. நாட்டிங்ஹாம்ஷயர் கிராமம் ஒன்றின் பெயரைத் தாங்கிய அட்டன்பரோ குடும்பத்தாரில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒரே வகை. கொல்லரைக் குறிக்கும் ஸ்மித் என்ற பெயரிலோ அப்படி எந்த ஒற்றுமையும் இல்லை. ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தாரே! அரிய பெயர் பெரும்பாலும் ஒரே மூதாதையைக் காட்டும் என்பது மெய்தான். ஆனால் எப்போதும் அல்ல. தத்துப்பிள்ளை வளர்ப்புத் தந்தையின் பெயரை ஏற்கும். திருமணமாகாத தாயின் பிள்ளை தாயின் பெயரோடு வளரும். 1538 முதல் ஆங்கிலத் தேவாலயங்கள் எழுதிவரும் ஏடுகளில் இருப்பது ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும்தான். இரத்தத்துக்கு அங்கே பத்தி இல்லை. அந்த 11 பேரும் அந்தப் பெயருக்கு முழு உரிமை உடையவர்கள். அந்த 7 பேரும் அப்படியே.

ஒரு குடும்பத்தை வைத்து நாட்டின் வரலாற்றை எடைபோடலாமா என்பாரும் உண்டு. இந்தக் குடும்பம் தனித்து நிற்கவில்லை. ரோமானியர் காலத்தில், கி.பி. 3ஆம் நூற்றாண்டில், வட இங்கிலாந்தின் ஹேட்ரியன் சுவரை ஒட்டிய கோட்டை ஒன்றில் வட ஆப்பிரிக்க மூர் படையினர் காவல் நின்றார்கள். இங்கிலாந்துக்குப் பெயர் தந்த ஆங்கிள் இனத்தார் பிரிட்டன் தீவில் குடியேறத் தொடங்கியதே 5ஆம் நூற்றாண்டில்தான்.