திருச்சிக்கு ஒரு மணி நேரம், தோட்டத்துக்கு?

பலாலியிலிருந்து திருச்சிராப்பள்ளி நேர்கோட்டில் ஏறக்குறைய 185 கிலோமீற்றர். சிறு விமானமொன்று ஒரு மணி நேரத்தில் அதனைக் கடந்துவிடும். ஆயினும், பல்லாண்டு காலம் யாழ்ப்பாணத்தார் இப்பயணத்துக்காக ஓர் இரவை வீதியிற் கழித்து, எதிர்த்திசையிலுள்ள கட்டுநாயக்காவுக்கே செல்ல வேண்டியிருந்தது. அண்மையிலுள்ள ஊரைப் போரும் அரசினரின் அசட்டையும் தூரமாக்கின.

1947 டிசம்பர் 10இல் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னை சென்றது. 2019இல் பலாலி மீண்டும் வெளிநாட்டு விமானங்களுக்குத் திறந்தது. 2020இல் கொள்ளைநோயால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2025 மார்ச்சில் திருச்சிச் சேவையும் தொடங்கியது. இவற்றை மனமார வரவேற்கிறோம்.

எனினும், அத்தளத்தைச் சூழ்ந்த செம்மண் காணிகளிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த கமக்காரர் அனைவரும் இன்னும் தம் நிலத்தை மீளப் பெற்றிலர். நோயாளிக்கும் மாணவனுக்கும் விமானம் வேண்டும். கமக்காரனுக்குக் காணி வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது நீதியன்று.

ஓடுபாதைக்கு வேண்டிய நிலம் எவ்வளவு என்பதை அரசாங்கம் வரைபடத்துடன் வெளியிடட்டும். அதற்கு உரிய நட்டஈட்டை வழங்கட்டும். எஞ்சிய காணியை உரியவரிடம் ஒப்படைக்கட்டும். கடல் கடக்க ஒரு மணி நேரம் போதும்; வேலி கடக்க முப்பத்தைந்து ஆண்டுகள் போதவில்லையா?