பழைய ஃபேக்டரியில் புது வீடு: தரைக்கு அடியில் சோதித்தார்களா?

உயரமான கூரை, பெரிய ஜன்னல்கள், செங்கல் சுவர்... பழைய தொழிற்சாலையை வீடாக மாற்றினால் பார்க்க சூப்பராகத்தான் இருக்கும். ஆனா, அங்கே முன்பு என்ன தயாரித்தார்கள் என்று சரியாக விசாரிக்காமல் குடியேறினால்? அமெரிக்காவின் ஹோபோக்கன் நகரில் நடந்தது ஒரு பாடம்.

என்ன நடந்தது?

நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ஹோபோக்கனின் கிராண்ட் தெருவில் 5 மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் பாதரச ஆவி விளக்குகள் தயாரான இடம் அது. 1993-ல் கலைஞர்கள் சிலர் கூட்டாக வாங்கி, வீடும் ஸ்டூடியோவுமாக மாற்றினார்கள். 1995-ல் தரைக்கு அடியில் பாதரசம் தேங்கி இருப்பது தெரியவந்தது. குடியிருந்தவர்களில் 29 பேருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை நடந்தது. 20 பேருக்குப் பாதரச அளவு கூடுதலாக இருந்தது. 1996 தொடக்கத்தில் எல்லோரும் வெளியேற்றப்பட்டனர். பிறகு கட்டடமே இடிக்கப்பட்டது.

ஏன் முதலிலேயே தெரியவில்லை?

பாதரசம் சிறு துளிகளாகச் சிதறி, பலகை இடுக்கிலும் சிமென்ட் விரிசலிலும் ஒளிந்துகொள்ளும். மேலே புதுத் தரை போட்டாலும் அடியில் அப்படியே இருக்கும். சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அதைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்பு மண்டலமும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

எப்படிச் சோதிக்க வேண்டும்?

* முதலில் வரலாறு: யார் நடத்தினார்கள், என்ன தயாரித்தார்கள், எந்த அறையில்? பழைய வரைபடம், உரிம ஆவணம், முன்னாள் ஊழியர்கள் எல்லாம் இதற்கு உதவும்.
* அடுத்து மாதிரி: மண், நிலத்தடி நீர் மட்டும் போதாது. தரைப் பலகை, சுவர்ப் பூச்சு, வடிகால் குழாய்களிலும் எடுக்க வேண்டும். ஜன்னல்களை மூடிவைத்து, அறைக் காற்றையும் அளக்க வேண்டும்.
* கடைசியில் மறுசோதனை: சுத்தம் செய்த பிறகும், ஆட்கள் குடியேறும் முன்பும்.

நமக்கு என்ன?

பாதரசம் நமக்கும் புதிதல்ல. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. ஆலை மூடினாலும் அது விட்டுச்சென்றது தானாகப் போய்விடாது.

பழைய ஆலை இருந்த இடத்தில் ஃபிளாட் பார்க்கிறீர்களா? பட்டா, வில்லங்கச் சான்றிதழோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "இங்கே முன்பு என்ன ஓடியது? மண்ணையும் காற்றையும் சோதித்த அறிக்கை எங்கே?" குடியேறிய பிறகு வரும் அறிக்கையால் பெரிய பயன் இல்லை.